பக்கத்து வீட்டு ஆட்சேபணை

பிரிக்பீல்ட்ஸ்
4-3-1934

அன்புள்ள வீரசிங்கம் அண்ணனுக்கு, சீதாலெட்சுமி எழுதுவது. இங்கிருந்து கிள்ளானுக்குக் குடிபோன நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, அவரோடு ரயில் இஞ்சினில் வேலை செய்த ஆட்களுக்குச் சோறாக்கிப் போடுகிறேன். எட்டுப் பேராக இருந்தவர்கள் இப்போது இருபது பேர். போன செவ்வாய் டவுன் சானிட்டரி போர்டு இன்ஸ்பெக்டர் வந்து கூடத்துப் பெஞ்சுகளைப் பார்த்தார். "இது குடியிருக்கிற ரோடும்மா. சாப்பாட்டுக் கடை நடத்தக் கூடாது" என்று நோட்டீசு கொடுத்துவிட்டார். ஒரு மாதத்தில் நிறுத்த வேண்டுமாம்.

என் வீட்டில் நான் சமைக்க யாரைக் கேட்பது? போர்டில் அத்தனை வருஷம் கிளார்க்காயிருந்த நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

தங்கை
சீதாலெட்சுமி

கிள்ளான்
9-3-1934

அன்புள்ள தங்கச்சிக்கு,

உமது கடிதம் கண்டு கவலைப்பட்டோம். இன்ஸ்பெக்டரோடு வாதாட வேண்டாம். போர்டு ஆபீஸ் சுவரில் டவுன் படம் தொங்குகிறது. கடைக்கு ஒரு நிறம், பட்டறைக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம். நம்முடைய ரோடு குடியிருப்பு. அந்த நிறத்தை மாற்றும்படி கேட்டால் தரமாட்டார்கள். உமது வீட்டில் மட்டும் சாப்பாட்டுக் கடை நடத்த அனுமதி கேளும்.

மனுவோடு வீட்டின் பிளானும் நிலப் பட்டாவான கிராண்டின் நகலும் வையும். பிறகு போர்டு உமது வாசலில் விளம்பரம் ஒட்டும், அக்கம்பக்கத்து வீட்டுச் சொந்தக்காரருக்கும் எழுதும். ஆட்சேபணை சொல்ல அவர்களுக்கு மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், தவணை. அதன்பின் உம்மைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். முடிவு வரும்வரை நோட்டீசை நிறுத்தி வைக்கும்படியும் மனுவிலேயே கேளும்.

அண்ணன்
வீரசிங்கம்

பிரிக்பீல்ட்ஸ்
2-4-1934

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடியே மனுப் போட்டேன். நோட்டீசை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாசலில் காகிதம் ஒட்டியாயிற்று, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படிக்கிறார்கள். இந்தப் பக்கத்துத் தம்புசாமி, "தாராளமா நடத்துங்க அக்கா" என்றார். அந்தப் பக்கம் பூட்டிக்கிடப்பது உங்கள் வீடு. அதனால் எனக்குக் கவலையில்லை.

சீதாலெட்சுமி

கிள்ளான்
11-4-1934

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை எழுதக் கை வரவில்லை. போர்டின் கடிதம் எனக்கும் வந்தது. நான் ஆட்சேபணை எழுதி இன்று தபாலில் சேர்த்தேன். போர்டுக் கிளார்க் வாயால் நீர் கேட்கக் கூடாதென்று நானே சொல்கிறேன்.

மகள் குணபூசணிக்குத் தொய்வு என்கிற இழுப்பு வருத்தம் முற்றிவிட்டது. புகைபட்டால் மூச்சு இழுக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டுமென்று டாக்டர் சொன்னதால் அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு வருகிறாள். உமது அடுப்பு எங்கள் சுவரோடு ஒட்டியிருக்கிறது.

கடையே கூடாதென்று நான் எழுதவில்லை. புகையைப் பற்றி மட்டுமே எழுதினேன். அடுப்பைப் பின்சந்துப் பக்கம் மாற்றி, உயரமாகப் புகைபோக்கி வைப்பதாகப் புதுப் பிளான் கொடும். நிபந்தனையோடு அனுமதி தர போர்டுக்கு இடமுண்டு. என் ஆட்சேபணைக்கு அதுதான் பதில்.

வீரசிங்கம்

பிரிக்பீல்ட்ஸ்
20-5-1934

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு அடுப்பை இடித்தேன்.

விசாரணையில் உங்கள் கடிதத்தைப் படித்தார்கள். "இதற்கு என்ன சொல்கிறாய்?" என்று போர்டுத் துரை கேட்டார். "அவர் சொல்வது நியாயம் ஐயா. அடுப்பை மாற்றிவிட்டேன், வந்து பாருங்கள்" என்றேன். வந்து பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் மறுபடி மனு, மறுபடி அக்கம்பக்கத்துக்குக் கடிதம்.

குணபூசணி வந்துவிட்டாள். புகை வரவில்லை என்றாள். தினமும் மிளகு ரசம் கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் மனதில் கிடக்கிறது. போர்டுக்கு எழுதுமுன் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். பிள்ளைக்கு ஆகாது என்றால், யார் உத்தரவும் இல்லாமல் அன்றைக்கே இடித்திருப்பேன்.

சீதாலெட்சுமி

கிள்ளான்
27-5-1934

தங்கச்சி,

நீர் சொன்னது சரி. இருபத்தெட்டு வருஷம் போர்டுக் கடிதமே எழுதி, மனிதரைக் கேட்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிற்று. மன்னித்துக்கொள்ளும்.

அடுத்த வருஷ மனுவுக்கு என் சம்மதத்தை இப்போதே எழுதிக் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். தேதி போடவில்லை. அதை நீரே போட்டுக்கொள்ளும்.

வீரசிங்கம்