மை இல்லாத படம்

அன்புள்ள என்னவருக்கு,

நானும் அத்தையும் நலம். கப்பல் அடுத்த துறைமுகம் சேரும்போது இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று உங்கள் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை. "மகன் கடல்ல, மருமக காலேஜ்ல, நான் கட்டில்ல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார். குளியலறைக் குழாயை மாற்றிவிட்டேன்.

வீட்டுப் பத்திரத்தைத் தேடும்போது உங்கள் பச்சைக் கோப்பில் அதைப் பார்த்தேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன், எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது எடுத்த ஸ்கேன் படம். மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். சரி என்றீர்கள். கிழிக்கவில்லை.

பிளாஸ்டிக் உறைக்குள் படம் வெளுத்துப்போய், சாம்பல் நிறத்தில் ஒரு வளைவுதான் மிச்சமிருந்தது. அதுவாவது நிலைக்கட்டும் என்று லேமினேட் போடத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அம்மா இயந்திரத்தில் செருகப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"டீச்சர், இது மையில அடிச்சதில்ல, சூட்டுல வந்தது. உள்ள விட்டா மொத்தமும் கருப்பாயிடும்" என்றார். நான் நம்பவில்லை. ஒரு வெற்று பில் தாளை எடுத்து நகத்தால் வேகமாகக் கீறினார். கறுப்புக் கோடு விழுந்தது. கறுக்கும் பூச்சு தாளிலேயே இருக்கிறதாம். பிரிண்டர் புள்ளி புள்ளியாகச் சுடுவதோடு சரி. பிளாஸ்டிக் உறையும் ஆகாதாம், படத்தை வெளுக்கவைக்குமாம். இதற்காக வருந்தாதீர்கள். நீங்கள் காப்பாற்றத்தான் உறையில் வைத்தீர்கள். நானும் காப்பாற்றத்தான் கொண்டுபோனேன். கடைக்கார அம்மா ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

படத்தை ஸ்கேனரில் வைத்துத் திரையில் மெல்ல மெல்லக் கருமையைக் கூட்டினார். முதலில் நெற்றி வந்தது. பிறகு மூக்கு. உங்கள் மூக்கு.

எதில் அச்சடிப்பது என்று கேட்டேன். "மை தெளிக்கிற மெஷின் கலருக்கு ராணி, ஆனா தண்ணி பட்டா அழுமூஞ்சி. லேசர்ல போடுறேன்" என்றார். அது வேலை செய்யும் விதத்தையும் சொன்னார். உள்ளே இருக்கும் உருளை முழுவதும் மின்னூட்டம் இருக்கும். ஒளி வந்து படத்தை அதன்மேல் வரையும். அந்த நேரத்தில் படம் முழுதாக அங்கே இருக்கிறது. ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒளி தொட்ட இடங்களில் மட்டும் கறுப்புத் தூள் போய் ஒட்டும். பிறகு அது தாளுக்கு மாறி, சூட்டில் உருகி, அதோடு ஒன்றாகிவிடும்.

நிலைமின்சாரத்தை நான் பாடமாகப் படித்தவள், தேர்வும் எழுதியவள். எதற்கும் எளிதில் வியக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்று வெதுவெதுப்பாக வெளியே வந்த அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். யாரும் பார்க்காவிட்டாலும் படம் அங்கே இருந்ததே என்பதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கடைக்கார அம்மா அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஒரு பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். எஞ்சின் அறையில் ஒட்டிவைத்தாலும் அழியாதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மகளுக்கு நீங்கள் ஒரு பெயர் வைத்திருந்தீர்கள்; என் காதுபட அதைச் சொல்லக்கூடாது என்று தடுத்துவிட்டேன். இந்த முறை விடுப்பில் வரும்போது, எனக்கு ஒருமுறை சொல்லுங்கள்.

உங்கள் வரவை எதிர்நோக்கும்,
உங்கள் மனைவி