காகிதம் நனையவில்லை

இராயப்பன்பட்டி,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு ஜஸ்டினுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம், திராட்சை நலம், நாயும் நலம். என் கண் மட்டும் இந்தக் கூட்டணியில் சேரவில்லை.

எட்டு மாதமாக உறுத்தல், சிவப்பு. கம்பத்து டாக்டர், திராட்சைக்கு அடிக்கும் மருந்தால் வந்த ஒவ்வாமை என்று சொட்டு மருந்து தந்தார். தேனி டாக்டரும் அதையே சொன்னார், சீசாவின் நிறம் மட்டும் வேறு. உன் அப்பா உடனே என்னைத் தோட்டத்துக்கு வரக்கூடாதென்று தடை போட்டார். வீட்டில் உட்கார்ந்து சிவந்துகொண்டிருந்தேன். ஒரே மாதிரி சிவக்கும் நோய்கள் பல, கண்ணீரைச் சோதித்தால்தான் பிரிக்கமுடியும், தவறான மருந்தையே ஊற்றினால் பார்வை போய்விடும் என்று நீ போனில் சொன்னாய். அங்கிருந்து பயமுறுத்துவது சுலபம். மதுரைக்குப் போனோம்.

கண்ணீர் எடுப்பார்களாமே, வெறுங்கையோடு போவதா. காலையிலேயே அரைப்படி சின்ன வெங்காயம் உரித்தேன். பக்கத்து வீட்டு மதலேனாள் வாசலில் நின்றே அழுதுவிட்டாள். எனக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. விடுவேனா, ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு சீசாவையும் கண்ணில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போனேன். கீழிமைக்குள் ஒரு காகிதக் கீற்றைச் செருகினார்கள். நொடியில் நனைந்தது. எனக்குப் பெருமை. சோதித்த பெண் நதியா, கூடலூர்க்காரி, ஆத்தா இது உங்க கண்ணீரா, மருந்துக்கடைக் கண்ணீரா என்றாள். முப்பது வருசம் பிட் பிடிச்ச டீச்சரம்மாவே பிட் அடிச்சுட்டாக என்றார் உன் அப்பா. வராந்தா முழுவதும் சிரித்தது.

மறுவாரம் எதுவும் ஊற்றாமல் போனேன். ஐந்து நிமிடம். காகிதம் நனையவில்லை. ஓரத்தில் ஊறியிருந்த கொஞ்சத்தையும், கூடவே ரத்தத்தையும் ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஒவ்வாமைக்கு அடையாளம் எதுவும் இல்லையாம். என் உடம்பே என் கண்ணீர்ச் சுரப்பிகளைப் பகையென்று நினைத்துத் தாக்குகிறதாம். கருவிழியில் கீறல்கள். இப்போதே வந்ததால் ஆறிவிடும் என்றார்கள். திராட்சை நிரபராதி. தடை நீங்கியது. மன்னிப்புத்தான் இன்னும் வரவில்லை.

டாக்டரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், இது எப்போது தொடங்கியிருக்கும் என்று. நாலைந்து வருடம் ஆகியிருக்கலாம், இந்த நோயில் அழுதாலும் கண்ணீர் சரியாக வராது என்றார். நீ கொச்சியில் விமானம் ஏறி மூன்று வருடம். எல்லா அம்மாக்களும் அழுதார்கள், என் அம்மா மட்டும் பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி நின்றாள் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய். அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நிதானமாகப் படி.

கணினி முன் உட்கார்ந்தால் இமைக்க மறக்காதே. ஆண்டவர் உன் இரண்டு கண்களையும் ஈரமாகவே வைத்திருக்கட்டும்.

அம்மா,
ஜெசிந்தா