மைனஸ் ஒன்று வந்தால் நிறுத்து

இன்று காலை ஜவ்வரிசி ஆலைக்குள் வண்டியை நிறுத்தியதும் அந்தப் புளித்த மாவு வாடை மூக்கில் ஏறியது. "இந்த நாத்தத்துக்கே தனியா சம்பளம் கேக்கணும்டா" என்பாய். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் போன பிறகு, இன்றுதான் இங்கே வந்தேன்.

முதலாளிதான் போனில் கூப்பிட்டார். "உன் கூட்டாளி எழுதின புரோகிராம் விலைச் சீட்டே அடிக்க மாட்டேங்குது தம்பி. வண்டிங்க ரோடு வரைக்கும் நிக்குது. வந்து பழைய புரோகிராமையே போட்டுடு."

வழி நெடுக ஒரே கேள்விதான். தப்பு உன்னுடையதாக இருந்தால்? செத்தவன் மேல் பழி போடுவது சுலபம். அவன் எதிர்த்துப் பேச மாட்டான்.

பழைய நிரலை நீ மறந்திருக்க மாட்டாய். மரவள்ளிக் கிழங்குக்கு எடை மட்டும் போதாது. மாவுச்சத்துப் பாயிண்டை வைத்துத்தான் விலை. பாயிண்டை எழுதும் நிரல், எழுதி முடிக்கும்வரை வேறெதுவும் அதைத் தொடாதபடி ஒரு பூட்டைப் பிடித்திருக்கும். சீட்டு அடிக்கும் நிரல் அந்தப் பூட்டுக்குக் காத்திருக்கும். பிடித்திருந்த நிரல் நடுவில் செத்தால் விண்டோஸ் பூட்டைக் காத்திருந்த நிரலிடம் கொடுத்துவிடும், மைனஸ் ஒன்று என்ற எச்சரிக்கையோடு. பழைய நிரலை எழுதியவர் பூட்டு கிடைத்ததா என்று மட்டும் கேட்டிருந்தார். அது எழுதப்பட்ட பேர்ல் மொழிக்குப் பூஜ்ஜியம் அல்லாத எந்த எண்ணும், மைனஸ் ஒன்றும்கூட, 'ஆமாம்'தான். ஆகவே முந்தைய வண்டியின் பாயிண்ட் அடுத்தவர் சீட்டில் விழுந்தது. கூடுதலாக விழுந்தால் ஆலை கண்டுபிடித்துத் திருத்தும். குறைந்து விழுந்தால், "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாய்யா?" என்று விவசாயியை விரட்டும். எவனோ சோம்பேறித்தனமாக எழுதிய ஒரு வரிக்கு, வெயிலில் நின்றவன் தண்டம் கட்டினான்.

நீதான் அந்தத் தப்பைக் கண்டுபிடித்தாய். மைனஸ் வந்தால் நிறுத்து, மறுபடி பாயிண்ட் எடு என்று மாற்றி எழுதினாய். லோடு தேங்குமே என்று முதலாளி இழுத்தார். "பத்து மாசம் மண்ணுல கெடந்த கெழங்குங்க. இன்னும் ஒரு நிமிஷம் கெடந்தா அழுகிடாது" என்றாய். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்று திரையில் நீ எழுதிய வாசகமே நின்றுகொண்டிருந்தது: 'பாயிண்ட் நிரல் பாதியில் செத்துவிட்டது. மறுபடி எடுக்கவும்.' எடுக்க எடுக்க அது செத்துக்கொண்டே இருந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பாயிண்ட் எடுக்கும் தராசின் கேபிளை எலி கடித்திருந்தது.

எலிதானடா. நீ இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கேபிளை மாற்றியதும் சீட்டு வந்தது. கடத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அதை வாங்கி இரண்டு தரம் பார்த்தார்.

"மின்ன போன வண்டிக்கு இருவத்தஞ்சுங்க. எனக்கு இருவத்தெட்டு. சரியாத்தான் இருக்குதா?"

"உங்க கெழங்கோட பாயிண்ட்தாங்க. பழைய புரோகிராமா இருந்தா அந்த இருவத்தஞ்சே உங்க சீட்டுலயும் விழுந்திருக்கும்."

"அப்ப நின்னது நல்லதுக்குத்தான்" என்று மடித்துப் பையில் வைத்தார்.

முதலாளி விடவில்லை. "அந்த நிறுத்துற வரிய மட்டும் எடுத்துடேன் தம்பி."

"எலிப்பொறி வாங்கி வைங்க. வரி இருக்கட்டும்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடாமல் போகலாம், போகட்டும்.

திரும்பும் வழியில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். நீ அந்தத் தப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எந்த நிரலை எழுதினாலும், பூட்டு கிடைத்ததா என்று கேட்பதற்கு முன்னால், அதைப் பிடித்திருந்த நிரல் உயிரோடுதான் விட்டதா என்று கேட்கிறேன். விரல்கள் தாமாகவே அந்த வரியை முதலில் அடிக்கின்றன.