முதல் பாடத்தை எடுத்துவிட்டார்கள்

இன்று காலை வகுப்பு தொடங்கும் நேரத்தில் என் ஹெட்போன் வேலை செய்யவில்லை. ஆணியில் தொங்கிய உன்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டேன். காதுப் பஞ்சில் இன்னும் தலைவலித் தைலத்தின் வாசனை. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, தைலம் போகவில்லை. திரையில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். 

செஞ்சியில் உரக்கடை மாடியில் இந்த அறையை நாம் பிடித்ததே நெட் நன்றாக வரும் என்றுதான். நீ சிங்கவரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாய், நான் வல்லத்திலிருந்து பஸ்ஸில். எங்கோ இருந்த ஓர் ஆன்லைன் பள்ளிக்காக இங்கே உட்கார்ந்து தமிழில் கோடிங் சொல்லிக்கொடுத்தோம். உன்னுடையது முதல் பாடம், ஜாவாஸ்கிரிப்ட். அது முடிந்து வருபவர்களுக்கு நான் ரியாக்ட் எடுப்பேன். ஜாவாஸ்கிரிப்டில் பாதி வேலையை ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் ஃபிரேம்வொர்க் அது. அடிப்படை தெரிந்தவர்களுக்கு வசதி.

பாடத்திட்டம் பார்க்கும் மேலாளர் ஒருநாள் மீட்டிங்கில் சொன்னார்: "வேலை விளம்பரத்துல என்ன பேர் இருக்கோ, அதைத்தான் பசங்க கேக்கறாங்க. முதல் நாளே ரியாக்ட் ஆரம்பிச்சிடலாம்."

நீ மைக்கை ஆன் செய்தாய். "சார், பேரு வருசத்துக்கு ஒண்ணு மாறும். இவங்க படிக்கிறது ஒரு தடவதான். அடியில இருக்கிற லாங்குவேஜே தெரியலன்னா இன்னா சார் பண்ணுவாங்க?"

"நல்ல பாயின்ட்" என்றார். அடுத்த வாரம் வந்த பாடத்திட்டத்தில் உன் பாடம் இல்லை. உன்னையும் ரியாக்ட் எடுக்கச் சொன்னார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே எடுத்தாய்.

அனந்தபுரத்துக் கவிதா அந்த வகுப்பில்தான் இருந்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனிலேயே படித்தவள். அழகழகான பக்கங்கள் செய்து அனுப்புவாள். சென்னைக்கு இன்டர்வியூ போன அன்று மதியம் உன்னைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு பேப்பரக் குடுத்தாங்க க்கா. கொஞ்சம் நம்பருங்க இருக்குது, அதுல பெருசு எதுன்னு கண்டுபுடிக்க எழுதுன்னாங்க. ரியாக்ட் எதுவும் இல்லாம, சும்மா. எனக்குக் கையே ஓடல க்கா."

பின்னால் பஸ் ஹாரன் சத்தம். அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. "எறங்குனதும் நேரா இங்க வா" என்றாய் நீ.

பள்ளிக்குச் சொல்லாமல், அவளுக்கும் அவளைப்போல் மாட்டிக்கொண்ட சிலருக்கும் விடியற்காலையில் அடிப்படை எடுக்க ஆரம்பித்தாய். வழக்கமான வகுப்புகள் அதற்குப் பிறகு. "ஒடம்பு இன்னாத்துக்குடி ஆவும்?" என்று கேட்டேன். "கண்ணாடி மாத்தணும், அவ்ளோதான்" என்று நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாய். கண்ணாடி மாற்றினாய். வலி மாறவில்லை. ஒருநாள் வகுப்பின் நடுவே, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'லூப்' என்ற சொல் உனக்கு வரவில்லை. "அது... அது பேரு..." என்று நின்றாய். நீ சோதிக்கிறாய் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். நீ மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் கட்டி பெரிதாகிவிட்டிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு பார்க்க வந்தேன். உன் நைனா வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "பேரெல்லாம் பூட்ச்சும்மா அதுக்கு" என்றார். "என்னியே, 'வயல்ல இருப்பாரே, அவரு'ன்னுது."

உள்ளே நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். சொல் சொல்லாகத் தேடியெடுத்தாய். "அந்தப் பொண்ணு... கொழந்த வச்சிருக்குமே... திரும்பத் திரும்ப செய்யுமே, அது... அதுக்குப் புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சுடி. பேப்பர்லயே எழுதறா" என்றேன். அது உண்மை. அதற்குள் அவளுக்கு இன்டர்வியூக்கு அழைப்பு வருவதே நின்றுபோயிருந்தது. அதுவும் உண்மை. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

ஊரே வயலில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த நாளில் உன்னை எடுத்தார்கள். கவிதா குழந்தையோடு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனாள். இப்போது அனந்தபுரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

இந்த வருடம் ரியாக்டையும் சுருக்கிவிட்டார்கள். கோடிங்கை ஏஐயே எழுதிக்கொள்ளும், அதனிடம் கேட்கத் தெரிந்தால் போதும் என்கிறார்கள். மீட்டிங்கில் நான் மைக்கை ஆன் செய்து, "அது எழுதுனது தப்பா சரியான்னு யார் சார் பாக்குறது?" என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். புதிய பாடத்திட்டம் வந்தது. நான் சொன்னது எதுவும் அதில் இல்லை. நான் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறேன். வேறு எங்கே போவது?

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. புதிய வகுப்பின் முதல் நாளில், 'இதைப் படித்தால் வேலை உறுதி' என்று சொல்லித் தொடங்கச் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு வரும்போது, அன்று சொல் வராமல் நீ நின்றதுபோல் நானும் நின்றுவிடுகிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நேராகவே கேட்டாள்: "அக்கா, இது படிச்சா வேலை கெடைக்குமா?"

"தெரியாதும்மா" என்றேன். "எது எப்படி வேலை செய்யுதுன்னு புரியவைப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

அதைக் கேட்டுத் திரையிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவள் போகவில்லை. 

"சரி க்கா" என்றாள். "ஆரம்பிங்க."