உன் காரில் நான் போட்ட கீறல்

இன்று காலை, நீ இருந்த பக்கத்து யூனிட்டில் இப்போது குடியிருப்பவர் கெட்டிலோடு வெளியே வந்தார். ராத்திரி நல்ல குளிர். புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. அவருடைய காரின் முன்கண்ணாடியில் பனி உறைந்து உப்புப் படிந்த மாதிரி இருந்தது. கெட்டில் மூக்கிலிருந்து ஆவி வருவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தவள், அடுப்பில் பால் இருப்பதையும் மறந்து வெறுங்காலோடு ஓடினேன். "வேண்டாம், வேண்டாம், ஊத்தாதீங்க" என்று தமிழிலேயே கத்தினேன். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நின்றுவிட்டார். பிறகு ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லி, குழாய்த் தண்ணீர் ஒரு வாளி பிடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். பால் பொங்கி வழிந்திருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கினேன். எழுத வேண்டியது ஒரு வருஷமாகவே பாக்கி இருக்கிறது.

மவுண்ட் வெல்லிங்டனில் நம் இரண்டு யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிரைவ்வே. என் கார் உள்ளே, உன் கார் அதன் பின்னால். நீ கார் யார்டுக்கு நடந்தே போய்விடுவாய், பத்து நிமிஷம்தான். நாளெல்லாம் ஊராருடைய கார்களைக் கழுவி, மெழுகு பூசி, விற்பனைக்கு நிறுத்துவது உன் வேலை. நான் எல்லர்ஸ்லியில் இரத்தப் பரிசோதனை எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டுமானால் உன் காரை நகர்த்தியாக வேண்டும். அதனால் உன் சாவி ஒன்று என் வீட்டு ஆணியில் தொங்கியது. இன்னொன்று உன்னோடு இருந்த உன் தம்பியிடம்.

முதல்முறை நீ என்னிடம் "நீர் எந்த ஊர்?" என்று கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். "நீர்னு எங்க ஊர்ல ஆம்பளைங்களத்தான் சொல்வாங்க" என்றேன். "எங்கட ஊரில சிநேகிதக்காரிக்குச் சொல்லுவம்" என்றாய். திருநெல்வேலியும் யாழ்ப்பாணமும் அப்படித்தான் ஒரு டிரைவ்வேயில் சேர்ந்தன. கொஞ்ச நாளில் நான் உன்னை வா, போ என்று கூப்பிட ஆரம்பித்தேன். நீ மட்டும் கடைசிவரை 'நீர்'தான்.

அந்தக் கருநீலக் காரை நீ வாங்கும்போது அது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. யார்டில் எல்லாவற்றுக்கும் மெஷின் இருந்தும், உன் காருக்கு மட்டும் கையால்தான் செய்தாய். கழுவி, துடைத்து, பாலிஷ் போட்டு, பிறகு மெழுகை நகத்தளவு எடுத்து மெல்லிசாகப் பூசி, அது மங்கலாகக் காயும்வரை காத்திருப்பாய். ஒரு கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. "பன்னிரண்டு வருசமா மற்றவையின்ர காரைத் துடைச்சன். இது என்ர" என்றாய் ஒருநாள்.

இந்த நாட்டு ஜூலைக் குளிரில் அந்தக் காலையும் இன்று மாதிரியேதான் இருந்தது. நீ வேலைக்குப் போய்விட்டாய். உன் தம்பி இரவு ஷிப்ட் முடிந்து இன்னும் திரும்பவில்லை. எனக்கு ஏற்கெனவே தாமதம். அந்த மாதத்தில் இரண்டு முறை மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். உன் கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளை. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமே, ஒன்றும் தெரியவில்லை. கொதித்த கெட்டிலைக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தேன். கண்ணாடி தெளிந்தது. ஆனால் வெந்நீர் பானட்டில் ஓடிய இடமெல்லாம் மெழுகு வெளிறிப்போய், பால் சிந்தியது போலத் திட்டுத் திட்டாக நின்றது.

அத்தோடு விட்டிருக்கலாம். உனக்கு அது அரைமணி நேர வேலை. ஆனால் நீ பார்ப்பதற்கு முன்னால் போக்கிவிட வேண்டும் என்று பதறினேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து வந்து தேய்த்தேன். ஈரம் இருந்தவரை நன்றாகத்தான் தெரிந்தது. துணியால் ஒற்றிய பிறகு பார்த்தால், தட்டு அகலத்துக்கு வட்டம் வட்டமாகக் கீறல்கள். காரை நகர்த்தி, என் காரை எடுத்து, உன் காரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் நீ பானட்டைப் பார்த்தபடி டிரைவ்வேயில் நின்றாய். தம்பியும் பக்கத்தில் நின்றான். என்னைக் கண்டதும் கேட்டாய்:

"காலமை நீர் இந்தக் காரை எடுத்தனீரோ?"

"இல்லியே. இன்னிக்கு ஒரே குளிரு, கூட வேலை செய்யறவ வந்து கூட்டிட்டுப் போனா. என் காரையே நான் எடுக்கல."

என் காரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னேன். சால்வைக்குள் இருந்ததால் உனக்குத் தெரியவில்லை. உன் காருக்கு உள்ளே நிற்க வேண்டிய என் கார் தெருவில் நிற்பதைக்கூட நீ யோசிக்கவில்லை. நான் பொய் சொல்வேன் என்ற எண்ணமே உனக்கு வராது.

நீ தம்பியின் பக்கம் திரும்பினாய். அவன் மத்தியானம் கடைக்குப் போக அந்தக் காரை எடுத்திருந்தான். அதற்கு முந்தின வருஷம் பின்பக்கத்தை ஒரு கம்பத்தில் இடித்துவிட்டு மூன்று வாரம் மறைத்தவனும் அவன்தான்.

"அக்கா, சத்தியமா பானட்டை நான் தொடேல்லை."

"அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனீ."

"அண்டைக்குப் பொய் சொன்னனான். ஓம். இண்டைக்குச் சொல்லேல்லை."

"காரை விடு. முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுறாய் பார், அதுதான் எனக்குத் தாங்கேலாமக் கிடக்கு."

அவன் என்னைப் பார்த்தான். சந்தேகத்தோடு இல்லை, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கோ என்று கேட்கிற மாதிரி. நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். அந்த வாரமே அவன் ஒரு பையோடு கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போய்விட்டான். நீ விசா எடுத்து, டிக்கெட் போட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டு வளர்த்த தம்பி.

பிறகு வந்த ஞாயிறுகளில் நீ கீறல்களைப் போக்க உட்கார்ந்தபோது நான்தான் உதவிக்கு வந்தேன். "வட்டமாத் தேய்க்காதையும், நேராத் தேயும்" என்றாய். விரல் நகத்தை மெதுவாக இழுத்துக் காட்டினாய். நகம் தடுக்காத கீறல் போய்விடும். தடுத்தால் அது பெயின்டுக்குள் இறங்கிவிட்டது, போகாது. எல்லாம் போய் நான்கு மட்டும் நின்றன. துணியை உதறிக்கொண்டே நீ சொன்னாய்: "குளிருக்குள்ள வந்து எனக்காக உழைச்சு முறியிறீர். உம்மட மனசு அவனுக்கு இல்லை."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. உன் கோபத்துக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. நீ என்னைப் பற்றி வைத்திருந்த அந்த நல்ல எண்ணத்தை இழக்க எனக்கு மனசு வரவில்லை. உன் தம்பிக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொண்டேன்.

இரண்டு குளிர்காலம் போயிற்று. சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் "கீறினதை விடுங்கோ, பொய் சொன்னவன்" என்றாய். ஒரு பொங்கலன்று அவன் நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டாய். "அவன் முதல்ல கோல் எடுக்கட்டும்" என்றாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து நீ வைத்த பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

யார்டில் நீ மயங்கி விழுந்தபோது அவனுக்குப் போன் செய்தது நான். அடுத்த விமானத்தில் வந்தான். நீ கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய். அதற்கு முன், ஆஸ்பத்திரி நடையில் என்னிடம் கேட்டான்: "அக்கா என்னைப் பற்றி ஏதும் கதைச்சவவோ?"

"தினமும்" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்ய வந்தவன் உன் காருக்கு முன்னால் நின்றான். பானட்டில் நகத்தை இழுத்தான். அது தடுத்தது. "இதுதான்" என்றான். அப்போது சொல்லிவிட்டேன், கெட்டில், நார், சாவி, எல்லாவற்றையும். அவன் கத்துவான் என்று நினைத்தேன். டிரைவ்வே சிமெண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"நீங்கள் எண்டு தெரிஞ்சா அக்கா என்ன செய்திருப்பா? ரெண்டு நாள் கதைக்காம இருந்திருப்பா. மூண்டாம் நாள் கறி கொண்டு வந்திருப்பா."

"தெரியும்."

"எனக்கு ரெண்டு வருசம் போயிட்டுது."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் காரை ஓட்டிக்கொண்டு தெற்கே கிறைஸ்ட்சர்ச்சுக்குத் திரும்பினான்.

போன வாரம் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை உன் முதல் வருஷ ஆட்டைத் திவசம். நியூ லின்னில் உங்கள் சித்தி வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள். "நீங்களும் வாங்கோ" என்றான். தயங்கினேன். "சொந்தமெல்லாம் இன்னும் என்னைத்தான் பொய்யன் எண்டு நினைக்கினம். நான் சொன்னா நம்பாயினம். அக்காவின்ர படத்துக்கு முன்னால, எல்லாருக்கும் கேக்க நீங்கள் சொல்லோணும்."

சரி என்றேன். நேரில் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இதை எழுதி எடுத்து வருகிறேன். படித்து முடித்ததும் அவர்கள் என்ன சொல்வார்கள், எனக்குச் சாப்பாடு போடுவார்களா, வெளியே போ என்பார்களா, தெரியாது. எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். அந்த இரண்டு வருஷத்தை மட்டும் யாரிடம் கொடுத்து இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. அது என்னோடுதான் இருக்கும்.

உன் தம்பி அன்று உன் முகத்தைப் பார்த்து உண்மையைத்தான் சொன்னான். பொய் சொன்னது உன் சிநேகிதக்காரி.