நாலாவது தோள்

கொழும்பு
3.9.1954

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி ரகுபதி எழுதுவது. நான் சௌக்கியம். என் வயிறு மட்டும் சௌக்கியமில்லை. இங்கே எதைத் தின்றாலும் தேங்காய். உன் மீன் குழம்பு கனவில்தான் வருகிறது. கல்லூரியிலிருந்து சேவைக்கு வந்த பதினான்கு பேரும் கண்டி பார்த்தோம், பேராதனைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு இந்த ஊர் மாணவர்களோடு சேர்ந்து ஒரு கிராமத்தில் ஆறு நாள் கிணறு வெட்டினோம். கை முழுக்கக் கொப்புளம். மாமாவின் கைக்குப் போட்டியாக ஒரு கை தயாராகிறது என்று அவரிடம் சொல்.

இப்போது ஒரு வம்பு வந்திருக்கிறது. இங்கே துறைமுகத்தில் வேலைநிறுத்தம், அரிசிக் கப்பல் நிற்கிறது. பதின்மூன்றாம் தேதி முதல் நாங்கள் போய் மூட்டை இறக்க வேண்டுமாம். எங்களை அழைத்து வந்த பேராசிரியர் ஸ்டானிஸ்லாஸ் அதுவும் சேவைதான் என்கிறார். மறுப்பவனுக்குச் சேவைச் சான்றிதழ் கிடையாது, பிரின்சிபாலுக்கும் புகார் போகும். நான் போகப்போவதில்லை. மூட்டை சுமக்கிற வீட்டில் வளர்ந்தவன் கருங்காலி வேலை செய்வேனா? இதை மாமாவுக்குப் படித்துக் காட்டு. சந்தோஷப்படுவார்.

உன் தம்பி,
ரகு


இராயபுரம்
8.9.1954

தம்பி ரகுவுக்கு,

மங்கம்மா அக்காவின் ஆசீர்வாதமும், தலையில் ஒரு குட்டும்.

உன் கடிதத்தை மாமாவுக்குக் கிணறு வெட்டியதுவரை படித்து நிறுத்திவிட்டேன். “இன்னாமே, அவ்ளோதான் எய்திக்கீறானா?” என்று கேட்டார் உன் மாமா. ஆமாம் என்றேன்.

போய் மூட்டையைத் தூக்குடா. ஊரான் துறைமுகத்தில் உனக்கென்ன வீராப்பு? சான்றிதழோடு வந்தால் இங்கே துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை தருவதாகப் பெரிய அதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார். நம் வீட்டில் முதுகில் மூட்டை ஏறாத முதல் ஆள் நீயாக இருக்க வேண்டும். அதற்காக நாலு நாள் தூக்கினால் குறைந்தா போவாய்? மாமாவின் சந்தோஷத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு கேள்வி கேட்காதே.

அக்கா,
மங்கம்மா


கொழும்பு
14.9.1954

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டு வாங்கிக்கொண்டேன். மூட்டையை வாங்கவில்லை.

நேற்று துறைமுக வாசல்வரை போய் நின்றுவிட்டேன். யேசுதாஸ் என்று ஒரு தொழிலாளி, தூத்துக்குடிக்காரர், எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். “தம்பிகளா, ஆஸ்பத்திரி அரிசிய நாங்களே கூலியில்லாம இறக்கிக் குடுத்துட்டோம். மிச்சம் வியாபாரிங்க அரிசி. அதை நீங்க தூக்குனா நாங்க பட்டினி கிடந்ததுக்கு அர்த்தமே இல்ல” என்றார். அதற்குப் பிறகும் மற்றவர்கள் உள்ளே போனார்கள். வண்ணாரப்பேட்டை ஹுமாயூன் மட்டும் என்னோடு நின்றான்.

“இந்தப் பிடிவாதத்தை யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டார் பேராசிரியர். அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: “என் அக்கா வீட்டுக்காரர், மாமா சுப்புராயன். இருபது வருஷமாகச் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். ஒரு வேலைநிறுத்தத்திலும் உள்ளே போனதில்லை.”

ஊர் திரும்பும்வரை நானும் ஹுமாயூனும் விடுதிச் சமையலறையில் வெங்காயம் உரிக்க வேண்டும் என்று தண்டனை. சரி, நீ ஏன் மாமாவுக்குப் படிக்கவில்லை?

ரகு


இராயபுரம்
19.9.1954

ரகுவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நாற்பத்தேழில் இங்கே நாற்பது நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது உன் மாமா உள்ளே போனார். பின்வாசல் வழியாகப் போனார். உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க அதிகாரியின் சிபாரிசு வேண்டியிருந்தது. “வேலைக்கு வா, இடம் வாங்கித் தருகிறேன்” என்றார் அவர். மாமாவுக்கு மனமில்லை. போகச் சொல்லி அழுதவள் நான்.

அந்த மாதமே மாமாவைப் பெற்றவள் செத்துப்போனாள். தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மூலக்கொத்தளம் சுடுகாடுவரை பாடை தூக்க மூன்று ஆண்கள்தான் தேறினார்கள். நாலாவதாக உன்னை நிறுத்தினோம். உனக்குப் பதினாலு வயது, உயரம் போதாமல் தோளில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்தோம். மற்றவர்கள் எங்கே என்று கேட்டாய். வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். வேலைநிறுத்தத்தில் என்ன வேலை என்று கேட்க உனக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கும் எதிர்வீட்டு மஜீது பாய், சங்கத்துக்காரர், மாமாவின் பீடிக்கு நெருப்புத் தருவதில்லை. மாமா கேட்பதையும் விட்டு ஏழு வருஷமாகிறது. இத்தனையும் உன் படிப்புக்காக. அதை வெங்காயத்தோலோடு குப்பையில் போடாதே. பேராசிரியரிடம் மன்னிப்புக் கேள்.

மங்கம்மா


கொழும்பு
23.9.1954

அக்கா,

மூன்று முறை படித்தேன். அந்தச் சும்மாடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தோள் எட்டு நாள் எரிந்தது.

மாமா மேல் எனக்குக் கோபமில்லை. எனக்காகப் போனார்; வந்ததும் அவர் காலில் விழுவேன். ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் படிப்பு ஒரு தடவை பின்வாசல் வழியாக வந்தது போதும், வேலையும் அப்படி வர வேண்டாம். குமாஸ்தா வேலை போனால் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று மூட்டை தூக்குகிறேன்.

நம் பையன்கள் இரண்டே நாளில் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார்கள். அதனால் கப்பலைச் சென்னைக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே இறக்கி ரயிலிலும் படகிலுமாக இங்கே அனுப்பப்போகிறார்களாம். இதை மாமா தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தடவை முழுசாகப் படி. ஒரு வரி விட்டாலும் வந்து கண்டுபிடிப்பேன்.

ரகு


இராயபுரம்
28.9.1954

என் தம்பி ரகுவுக்கு,

ஒரு வரி விடவில்லை. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டார். பின்வாசல் என்று வந்த இடத்தில், “இன்னொரு வாட்டி படிமே” என்றார். படித்தேன்.

கப்பல் நேற்று வந்தது. யாரும் தொடக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. அதே அதிகாரி காலையிலேயே ஆள் அனுப்பினார், பையனுடைய வேலை ஞாபகம் இருக்கட்டும் என்று. அன்றைக்குப் போகச் சொல்லி அழுத வாய் இது. “போவாத” என்றேன். “நீ சொல்லணுமா மே?” என்றுவிட்டு, வந்தவனிடம் சொன்னார்: “போய்ச் சொல்லு. எம் மச்சான் கொழும்புல வெங்காயம் உரிச்சிக்கினு கீறான். நா இங்க மூட்ட தூக்கமாட்டேன்.”

துறைமுகத்தின் முன்வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றார். சாப்பாடு கொண்டுபோன நான் கண்ணால் பார்த்தேன். மாமா பீடியை எடுத்து வாயில் வைத்தார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மஜீது பாய் எழுந்து வந்து, “இந்தா மாமு” என்று எரிந்துகொண்டிருந்த தன் பீடியை நீட்டினார். மாமா குனிந்து அதில் தன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

வேலைப் பட்டியலிலிருந்து மாமாவின் பெயரை அடித்துவிட்டதாகக் கேள்வி. உன் குமாஸ்தா வேலையும் அவ்வளவுதான். அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் யாரிடமும் போய் நிற்கமாட்டேன்.

நீ சான்றிதழ் இல்லாமல் நிமிர்ந்து வா. எழும்பூர் ஸ்டேஷனுக்கு மாமாவும் மஜீது பாயும் வருகிறார்கள். பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிடு. உன் தோள் பதினாலு வயதில் தூக்கியது போதும்.

உன் அக்கா,
மங்கம்மா