உன் பெட்டியில் இருந்த குழாய்

என் ஆசை அம்மாவுக்கு,

உன் கல்லறையைத் திறந்துவிட்டோம். உனக்குத் தெரியாமல் இருக்குமா? இருந்தாலும் மகள் வாயால் சொல்லிவிட வேண்டுமே.

ஜப்பான்காரன் ஈயம், தகரம் என்று கண்டதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போன சமயத்தில் நீ கண்மூடினாய். அப்போது மாதா கோவில் ஆர்கனின் ஈயக் குழாய்களை அப்பாவும் மற்றவர்களும் ஆளுக்கொன்றாகக் கழற்றி ஒளித்தார்கள். சண்டை முடிந்ததும் எல்லாம் திரும்பி வந்தன, அப்பாவிடம் இருந்ததைத் தவிர. ஆர்கனில் ஒரு சுரம் ஊமையாகிவிட்டது. ஜப்பான்காரனிடம் விற்றுத் தின்றுவிட்டார் என்று காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. மனிதர் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

மெர்டேக்கா சுதந்திர விழாவுக்காக ஆர்கனைப் பழுது பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து புதுக் குழாய் வந்தது. வாயில் வைத்து ஊதினால் பாடியது. ஆர்கனில் பொருத்தினால் மூச்சே இல்லை. ஆர்கன் வாசிக்கும் சூசை மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதுதான் அப்பா சாமியாரிடம் சொன்னார்:

"அது எம் பொஞ்சாதி பெட்டில இருக்கு சாமி. பொணத்தத் தோண்ட மாட்டான்னு அவகிட்ட குடுத்து வச்சேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "இத்தன வருஷமா ஏம்பா சொல்லல?"

"சொன்னா அவள எழுப்பிருவீங்க. கெடக்கட்டும்லா, நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்."

தோண்டச் சொன்னது நான்தான் அம்மா. அவர் பட்ட அவமானத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். பெட்டி மக்கியிருந்தது. குழாயில் மட்டும் ஒரு பொட்டு மண் இல்லை, காலையில்தான் விளக்கி வைத்த பாத்திரம் மாதிரி.

ஞாயிறு பூசையில் அந்தச் சுரம் ஒலித்தது. பழி பேசியவர்களே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்கள். எனக்கு அழுகை பொங்கியது. பாட்டு முடிந்து சூசை மாமா கைகளை மடியில் வைத்த பிறகும் அந்தச் சுரம் நிற்கவில்லை. ஆர்கனுக்குக் காற்றுக் கொடுக்கத் துருத்தி அடிப்பவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். அப்போதும் நிற்கவில்லை. எல்லோரும் மேலே பார்க்க, அப்பா மட்டும் வாசல் பக்கம் திரும்பி, "ம்... வர்றேன்" என்றார். சத்தம் நின்றது.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாட்டில் மனமில்லை. தெங்கேரா தையற்கடையில் வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார்.

நீதான் கூப்பிட்டாயா? அவர் தலைநிமிர்ந்து நடக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லையே. சாமியாரிடம் கெஞ்சிக் கேட்டுவிட்டேன். நாளை விடிந்ததும் குழாயைக் கொண்டுவந்து உன் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன், இது சத்தியம். ஆர்கன் ஊமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவை மட்டும் எனக்கு விட்டுவிடு.

உன் தூக்கத்தைக் கெடுத்த மகள்,
ரோசம்மா